இருபத்தாறு டிகிரி

புர்னோ நகரம், லீஷென் அடுக்ககம், ஏழாம் மாடி.
இங்கே குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு.
கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு கட்டும்.
அமேசான் கிளையோடையில் கறுப்புநீர் குடித்த மீனுக்கு
அது கல்லைக் குடிப்பது போல.
மழைநீர் பிடித்தேன்.
ஸ்விதவா ஆற்றங்கரையில் ஆல்டர் மரத்துக் காய்களைப் பொறுக்கி
ஊறப்போட்டேன். மூன்றாம் நாள்
பால் விடாத தேநீர் நிறம்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லை அவள்.
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், ஞாயிற்றுச் சந்தையில்,
ஜோடியை ஊறுகாய்ப் புட்டியில் நீட்டியபடி
ஹினெக் சொன்னார்:
"இவளுக்கு மஞ்சள் ஏறினால் ஆணை வெளியே எடு.
இல்லாவிட்டால் அவளே எடுத்துவிடுவாள்."

ஜனவரியில் ஏறியது.
சாம்பல் உடம்பு ஒரே இரவில்
எலுமிச்சைத் தோலானது.
கண்ணை அறுத்துக்கொண்டு இறங்கியது கறுப்புக் கோடு.
தேங்காய் ஓட்டைக் கவிழ்த்து வைத்திருந்தேன்,
கப்பலேறி வந்த தேங்காய், உள்ளிருந்ததை நான் தின்றாயிற்று.
அதன் கூரையில் தலைகீழாக
அறுபது முட்டை, செங்கல் நிறம்.
கைவிளக்கில் இரண்டு முறை எண்ணினேன்.

மீன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும் என்பது பழம்பேச்சு.
சொன்னவர் இவளைப் பார்த்ததில்லை.
விசிறினாள்.
ஒவ்வொன்றாய் வாயால் துடைத்தாள்.
பூஞ்சை பிடித்ததைப் பிடுங்கித் துப்பினாள்.
நான் ஆணைப் பிடிப்பதற்குள்
அவன் வாலில் ஒரு துண்டு போயிருந்தது.
மூடியைத் திறந்தால் என் விரலுக்கும் வந்தாள்.

ஆறாம் மாடி த்ரஹோமீராவுக்கு இதெல்லாம்
வெறும் ரீங்காரம்.
காற்று மோட்டார் சுவர்வழியாக இறங்குகிறதாம்.
டிராலிபஸ் ராத்திரி ஷிப்ட் முடித்து
மூன்று மணிக்கு நான் வீடு திரும்பினால்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை மின்சாரம் போனது.
வெளியே மைனஸ் பதினேழு.
தொட்டியில் இருபத்தாறு. இருபத்து நாலு.
கம்பளி சுற்றினேன். இருபத்தொன்று.
என் அடுப்பும் மின்சார அடுப்பு.
கதவு தட்டினார்கள்.
நெற்றியில் விளக்கோடு த்ரஹோமீரா,
இரண்டு கையிலும் பீர் புட்டி நிறைய வெந்நீர்.
"சத்தம் நின்றது, முழிப்பு வந்துவிட்டது" என்றாள்,
அதுவும் என் குற்றம் என்பதைப் போல.
அவள் வீட்டில் எரிவாயு.
விடியும்வரை பதினான்கு முறை ஏறி இறங்கினாள்.

முட்டைகள் வெளுத்தன.
காலையில் ஓட்டின் கூரை
வழித்து நக்கிய தட்டு.
தின்றிருந்தாள். மஞ்சள் மட்டும் இறங்கவில்லை.

இன்னும் பசிக்குமே என்று டாஃப்னியா போட்டேன்,
ஒரு கரண்டி, துள்ளும் தண்ணீர்த் தெள்ளு.
தின்னவில்லை.
அடியில் இறங்கி உடம்பை வெட்டி வெட்டி இழுத்தாள்,
குஞ்சுகளைக் கூப்பிடும் சைகை.
சிதறியதை வாயில் அள்ளிக்
கூட்டத்துக்குள் துப்பினாள்.
தெள்ளுகளுக்கு ஒன்றும் புரியவில்லை.
வெளிச்சம் எங்கேயோ அங்கே போயின.
அவள் பின்னாலேயே போனாள்.

மாலைக்கு மாலை த்ரஹோமீரா வந்து
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
"இவளுக்குத் தெரியாதா?"
தெரியாது என்றேன்.
தெரியும் என்றால் அடுத்த கேள்வி வரும்.

ஐந்து நாள்.
வயிறு உள்வாங்கியது,
சுற்றிலும் சோறு நீந்தியது.
ஆறாம் நாள் ஒன்றைத் தின்றாள்.
நின்றாள்.
மதியத்துக்குள் மிச்சத்தையும்.

ஒலோமோட்ஸ் கடைக்காரர் தொலைபேசினார்.
ஆண் மீனுக்குத்தான் நிறம், ஆண்தான் விலைபோகும்.
அடுத்த முட்டைக்கு இருபத்தொன்பது வையுங்கள்,
பெரும்பாலும் பையன்களாக வரும்.
திருகில் விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

ஆணை மறுபடி உள்ளே விட்டேன்.
கிழிந்த வாலோடு மூலையில் நிற்கிறான்.
அவள் சாம்பல் நிறத்தில்
ஓட்டு வாசலில் மணலைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

வடிகட்டி கழுவ மோட்டாரை நிறுத்தினேன்.
கீழிருந்து துடைப்பக் கட்டை, இரண்டு தட்டு.
ஈரக் கையோடு நின்று
குதிகாலால் தரையில்
நானும் இரண்டு.