நாற்பத்தொன்று

நாற்பத்தொன்று சதவீதம் என்றது.
அஞ்சாபுலியின் படகுக்கு ஐஸ் ஏற்றிய கணக்கைப்
பாதி தட்டியிருந்தேன்.
திரை கறுத்தது.
முன்னறிவிப்பாக ஒரு கீச்சுக்கூட இல்லை.
கரண்ட் போன ஐஸ் கம்பெனியில்
கறுப்புக் கண்ணாடிக்குள் என் முகம்,
திறந்த வாயோடு.

"பதினாலு பார்" என்றார் அவர்.
"பதினெட்டு" என்றேன்.
கணக்குப்பிள்ளை சொன்னால் கணக்கு.
பதினெட்டுக்கும் எண்ணி வைத்துவிட்டு
உப்பனாற்றுப் பக்கம் இறங்கிப் போனார்.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி இது.
மூடியில் முத்திரை தேய்ந்து வெறும் வட்டம்.
விண்டோஸைச் சுமந்து மூச்சு வாங்கியபோது
லினக்ஸ் போட்டேன், எழுந்து நடந்தது.
பேட்டரியின் வயதை மட்டும்
நான் கேட்டதே இல்லை.

துறைமுகத்தில் பூனைகள் அதிகம்.
லினக்ஸிலும் ஒன்று உண்டு:
கோப்பில் இருப்பதை அப்படியே கொட்டிக் காட்டும் கட்டளைக்குப்
பூனையின் பெயர்.
அன்றிரவு முதுநகர் வீட்டில்
பேட் ஜீரோ என்ற அடைவுக்குள் அதை ஏவினேன்.
ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து போட்டது.

செய்தபோது கொள்ளளவு: நாற்பத்தேழரை.
இன்றைய கொள்ளளவு: நாற்பத்தேழு.
எத்தனை முறை ஏற்றி இறக்கியது?
பூஜ்யம்.

பத்து வருடம். பூஜ்யம்.

லினக்ஸ் மேல் குற்றமில்லை.
பேட்டரிக்குள் ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது,
அது சொன்னதை இது ஒப்பிக்கிறது.
அது எப்போதோ ஒருநாள் அளந்தது.
பிறகு அளக்கவேயில்லை.

ஒரே ஒரு எண் மட்டும் அசைந்துகொண்டிருந்தது,
மின்னழுத்தம்.
பன்னிரண்டு புள்ளி மூன்று. பதினொன்று. பத்தரை.
சதவீதம் தொண்ணூறில் நின்று ஊரைப் பார்க்க
இது பாட்டுக்குப் படியிறங்கியது.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை என்று
பேப்பரில் போட்டிருந்தார்கள்.
கலிவரதன் முதலாளி வாரியத்தையும்
டீசல் விலையையும் சேர்த்துத் திட்டினார்.
எனக்கு அன்றுதான் வேலை.
முந்தின இரவே நூறு வரை ஏற்றி,
தானாகத் தூங்கும் ஏற்பாட்டை நிறுத்தி,
வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி
அதைச் சாக விட்டேன்.
சுவர்க் கடிகாரம் பார்த்து
லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
ஒன்பது மணி, நூறு.
ஒன்பது இருபது, தொண்ணூற்றாறு.
ஒன்பது ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்று.
ஒன்பது ஐம்பத்துமூன்றுக்கு
எழுத ஒன்றுமில்லை.

கம்ப்ரஸர் அடங்கிய கூடத்தில்
சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.
ஐம்பது கிலோ என்று நாங்கள் விற்கும் கட்டிகள்
தவிட்டுக்கு அடியில்
தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தன.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.
சொருகினேன். நூறு வரை கை வைக்கவில்லை.
இரவில் மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி,
விடிகாலை பூனையை அனுப்பினேன்.

இன்றைய கொள்ளளவு: பதின்மூன்று புள்ளி எட்டு.

மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.
சிரிப்பு வந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.
ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு,
ஆனால் அந்த நேரம் நிஜம்.
அப்படியும் நம்பாமல்
பத்து வோல்ட்டுக்குக் கீழே போனால் கத்தச் சொல்லி
நாலு வரி எழுதி வைத்தேன்.

பிறகுதான் அந்தக் கேள்வி திரையில் வந்தது.
பாதியில் நின்ற கோப்பு ஒன்று இருக்கிறது, மீட்கவா?
அன்று அவசரத்தில்
நினைவிலிருந்து புதுக் கோப்பில் எழுதியிருந்தேன்.
சரி என்று அழுத்தினேன்.

அஞ்சாபுலி, சோனங்குப்பம்.
பார்: பதினாலு.

என் விரல்தான் தட்டியிருந்தது.

காலை ஆறரைக்குப் படகடியில் போய் நின்றேன்.
"நாலு பார் பாக்கி" என்றேன்.
அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெயிலுக்கு முன்னாடி குடு.
எட்டு மணிக்கு மேல
அது மூணரை."