நெலிதாவின் பயணச்சீட்டு

நேற்றிரவு அப்டேட் போட்டது நான்தான்.
ஒப்புக்கொள்கிறேன்.
நூற்றுப் பன்னிரண்டு பொதிகள், ஒரு புதிய கர்னல்.
தொடரவா என்று கேட்டது.
ஓரெழுத்தில் ஆம் சொல்லிவிட்டுத்
தூங்கப் போனேன்.

போர்வெனிர் என்றால் வரப்போவது என்று பொருள்.
ஊருக்கு இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு
வருவது எதுவும் சொல்லிக்கொண்டு வராது என்று
யாரும் சொல்லவில்லை போலும்.

காலை ஏழரை. ஜூன் மாதம்.
சூரியன் பத்து மணிக்குத்தான் வேலைக்கு வரும்.
நீரிணைக் காற்று
படகுத்துறை அலுவலகத்தின் தகரக் கதவை
வட்டிக்காரனைப் போலத் தட்டுகிறது.
உள்ளே வை-ஃபை இல்லை.
இந்த அட்டையை எனக்குத் தெரியாது என்கிறது கர்னல்,
மூன்று வருடம் ஒரே பெட்டிக்குள் குடியிருந்த அட்டையை.
டிரைவர் இறக்க இணையம் வேண்டும்,
இணையம் வர டிரைவர் வேண்டும்.
கைபேசியைக் கேபிளில் கட்டிச்
சொட்டுச் சொட்டாய் இழுத்தேன்.

கிரிசெல்தா ஒன்றும் சொல்லவில்லை.
மாத்தே உறிஞ்சியபடி
மேசையடியிலிருந்து பழைய ரசீதுப் புத்தகத்தையும்
கார்பன் தாளையும் எடுத்து
என் கண்ணில் படும்படி வைத்தாள்.
திட்டியிருக்கலாம்.

எட்டு மணிக்கு வரிசையில் முதல் ஆள்.
பெயர்?
நெலிதா ஞான்குபெல் திராகோவிச்.

அப்பா வழி சிலோயே தீவு,
அம்மா வழி ஏட்ரியாட்டிக்கில் ஏதோ தீவு,
இரண்டும் கைகுலுக்கியது
தங்கம் என்ற வதந்தியில், இந்த மூன்றாம் தீவில்.
தந்தை பெயரின் முதலெழுத்து
தலையில் ஓர் அலை சுமந்த மெல்லினம்.
தாய்ப் பெயரின் கடைசி எழுத்து
நெற்றியில் சாய்கோடு போட்டது.
ஊரில் எல்லோரும் அந்தக் கோட்டை
எப்போதோ உதிர்த்துவிட்டார்கள்.
இவள் போன வருடம் மனுப் போட்டு
அடையாள அட்டையில் திரும்ப வாங்கியிருக்கிறாள்.

சீட்டு வந்தது.
அலை இருந்த இடத்தில் உடைந்த வேலி,
கோடு இருந்த இடத்தில் ஒரு வெட்டு.
அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து
"இது யார்?" என்றாள்.

கணினிக்கு உலகத்து எழுத்தெல்லாம் தெரியும்.
சீட்டடிக்கும் இந்தச் சின்னப் பிரிண்டருக்கோ
ஒரு நேரத்தில் இருநூற்றைம்பத்தாறுதான்.
அலை உள்ள பட்டியலில் கோடு இல்லை,
கோடு உள்ள பட்டியலில் அலை இல்லை.
ஓர் உறையில் இரண்டு கத்தி.
கையேடு சீன மொழியில்,
அதிலும் கடைசிப் பக்கம் கிழிந்தது.

பட்டியல் எண்களை ஒவ்வொன்றாய் எறிந்து பார்த்தேன்.
இரண்டில் அலை வந்தது.
ஏழில் வெறும் கட்டங்கள்.
பதினான்கில் கிரேக்கம் மாதிரி ஏதோ.
தாள் நீண்டு தரையில் சுருள,
பின்னால் நின்ற குழந்தை அதைக்
கழுத்தில் சுற்றிக்கொண்டது.
படகு ஒருமுறை ஊதியது.
பதினெட்டில், நெற்றியில் கோட்டோடு,
வந்தது அம்மா வழி.

அப்புறம் பைத்தானில் பதினோரு வரி.
எழுத்துக்கு எழுத்து பட்டியலை மாற்று,
அலைக்கு இரண்டு, கோட்டுக்குப் பதினெட்டு.
அசிங்கமான நிரல்.
யாரிடமும் காட்டமாட்டேன்.
ஓடியது.

நெலிதா ஞான்குபெல் திராகோவிச்,
அலையும் கோடும் முழுசாய்,
மங்கிய சாம்பல் மையில்.
அவள் படித்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.
நாலாய் மடித்துக் கையுறைக்குள் செருகி
"படகில் காபி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாற்காலியில் சாய்ந்தேன்.
கிரிசெல்தா எனக்கும் ஒரு மாத்தே நீட்டினாள்.
கார்பன் தாள் மேசையடிக்குத் திரும்பியது.

அடுத்தவர் பெயர் பெஞா.
பதினெட்டுக்குப் போன பிரிண்டரை
இரண்டுக்குத் திருப்ப
ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.
அவர் சீட்டின் நடுவே
வால் முளைத்த ஏதோ ஓர் எழுத்து.

படகு இரண்டாம் முறை ஊதுகிறது.
பன்னிரண்டாம் வரி அடிக்கிறேன்.