அடையற நேரம்

நாமக்கல் லாரி சாமளாபுரம் சந்தில் நின்றது.
ஒன்று நூறு ரூபாய்.
"முட்டை நின்னு போச்சுங்க, கறிக்குத்தான் ஆகும்."
ஐந்து வாங்கினேன்.
அலகு நறுக்கிய வெள்ளைகள்,
ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை.
பனியன் வேஸ்ட்டில் கிடந்த எலாஸ்டிக்கை
ஆளுக்கொரு நிறமாகக் காலில் கட்டினேன்:
சிவப்பு, ஊதா, பச்சை, ரோஸ்.
ஐந்தாவதற்கு வரும்போது நிறம் தீர்ந்துவிட்டது.
அது வெறுங்கால்.

பகலில் ஒரு தொந்தரவும் இல்லை.
பொடக்காலி மண்ணைக் கிளறிப் பார்க்க
ரெண்டு நாள் போதுமாயிருந்தது.
கரையானை முதன்முதலில் கண்டபோது மட்டும்
அஞ்சும் ஒட்டுக்காப் பின்வாங்கின.

பொழுது விழுந்தால்தான் வம்பு.
பழனாத்தா வீட்டுச் சேவலுக்கு யாரும் சொல்வதில்லை.
வானம் மங்கினதும் வேப்பங்கிளைக்குத் தாவும்,
பின்னாலேயே அதன் குடும்பம்.
என்னுடையவை
பஞ்சாயத்து விளக்குக்கடியில் போய் நின்றன,
கடைசி பஸ்ஸை விட்டவர்களைப் போல.

"அதுகளுக்கு இருட்டே பழக்கமில்லயாட்ட இருக்குது" என்றார் மருதாசலம்.
"பண்ணைல ராத்திரிக்கும் லைட் எரியுமல்லோ."
விளக்குக்குச் சாக்குக் கட்டப் போய்
வார்டு மெம்பரிடம் திட்டு வாங்கி வந்தார்.

கூண்டு என்றால்
பழைய தறி ஷெட்டின் கதவும் நாலு தகரமும்.
குறுக்கே ஒரு பைப் வைத்தேன், வழுக்கிற்று.
முருங்கைக் கிளை வைத்தேன்,
ரெண்டாம் நாளே முறிந்தது.
அப்புறம் தறியில் கழித்த மரச்சட்டம்,
மூணு விரல் அகலம், விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து.
முழங்கால் உயரம்.
அதற்கு மேல் ஒரு உயரம் இருப்பது
அந்த இறக்கைகளுக்குத் தெரியாது.

உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு.
வெளிச்சத்தை நம்பி உள்ளே போகும்.
எட்டு மணிக்கு மருதாசலம் அணைப்பார்.
பத்து மணிக்கு ஷிப்ட் விட்டு நான் வருவேன்,
செல்போன் வெளிச்சத்தை முந்தானையில் மூடிக்கொண்டு.
மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.
அந்தச் சூட்டுக்குள் கைவிட்டு
ஒவ்வொன்றாக எடுப்பேன்.

நெஞ்சுக்கடியில் ஒரு கை.
ஒண்ணேகால் கிலோ இருந்தால் அதிகம்.
துடிப்பு மட்டும் உள்ளங்கைக்குள் தறி ஓட்டும்.
சட்டத்தில் கால் பட வேண்டும், அவ்வளவுதான்.
விரல்கள் சித்தெ யோசிக்கும்.
உட்கார்ந்தால் முழங்கால் மடங்கும்,
மடங்கினால் விரல் தானாக இறுகும்.
தூங்கத் தூங்கப் பிடி விடாது.
எனக்கு நேர் எதிர்.
தூங்கினால்தான் என் விரல்கள் நூலை விடுகின்றன.

அஞ்சையும் ஏற்றி நிமிர்வதற்குள்
முதலாவது கீழே இருக்கும்.
முதல் நாள் பதினேழு தடவை.
ரெண்டாம் நாள் எண்ணவில்லை.
"கொழம்பு வெச்சாத் தீந்துது சோலி"
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பழனாத்தா.
ஆறாம் நாள் சிவப்பு இறங்கவில்லை.
எட்டாம் நாள் மூன்று.

பதினோராம் நாள்
மிஷின் ரிப்பேர், பதினொன்றரை ஆகிவிட்டது.
தகரத்தைத் தள்ளினேன்.
சட்டத்தின் மேல் நான்கு வெள்ளைப் பொட்டலங்கள்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.
யாரும் ஏற்றிவிடவில்லை.
எடுப்பதற்காக நீட்டிய கையை
என்ன செய்வதென்று தெரியாமல்
சேலையில் துடைத்தேன்.

மூலையில் கைவிட்டால் சில்லென்ற தரை.
வெறுங்காலைக் காணோம்.
கீரியா, நாயா,
வேலிப்பக்கம், தொட்டிப்பக்கம்,
வேப்பங்கிளையில் சேவல் ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

வாசலில் நின்ற டிவிஎஸ் பிப்டியில்,
ஹேண்டில்பாரின் ரப்பர் பிடிமேல்
தலையை இறக்கைக்குள் செருகி
உருண்டையாக உட்கார்ந்திருந்தது.
எங்கள் முழங்காலை விட உயரம்.
சீட்டெல்லாம் எச்சம்.

காலை அஞ்சரை, இன்னும் விடியவில்லை.
மருதாசலம் சாவியோடு வந்து
பார்த்து நின்றார்.
தூக்கி வைக்கட்டுமா என்று கேட்டேன்.
சாவியை ஜோப்பில் போட்டுக்கொண்டார்.
"வெளிச்சம் வந்தா அதுவா எறங்கும்"
என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு
சோமனூர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்.