ஒரு கை பின்னால்

லூர்துசாமியின் ஆம்ப் திங்கட்கிழமை வந்தது.
கிதாரைச் செருகாமலே உறுமுது என்றான்,
ஞாயிறு தேவகோட்டையில் கல்யாணக் கச்சேரி என்றான்,
மீதியை நான் கேட்கவில்லை, பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
பவர் வால்வு இரண்டு.
ஒன்று உள்தகடு சிவக்கச் சிவக்க இழுத்துக்கொண்டிருக்க
மற்றது தன்பாட்டுக்கு மங்கலாய்.

டெல்லியில் சொல்லி வரவழைத்த புது ஜோடி
வியாழக்கிழமை வந்து சேர்ந்தபோது
ஒன்று பொடி, ஒன்று முழுசு.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
எனாமல் தூக்குகளுக்கும் பல்லில்லாத பியானோவுக்கும் நடுவிலிருந்து
பீர்முகமது ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துத்
தராசில் வைத்தார்.
பழைய ரேடியோகிராம்களில் பிடுங்கிய வால்வுகள்.
கண்ணாடியைக் கிலோவுக்கா விப்பீங்க?
"எரியுமான்னு எனக்குத் தெரியாதும்மா,
எடை தெரியும்."

நமக்கு ஆகிற ரகம் பதினொன்று.
முட்டை அட்டையில் வரிசையாய் நிறுத்தினேன்.
உச்சியில் வெள்ளிப் பூச்சு மின்னினால் உயிர்,
பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று.
ஏழு பால்.

மிச்ச நாலை அளக்க வேண்டும்.
மீட்டர் சிகப்பியிடம்.

பாதிக் காசு அவள், பாதி நான் போட்டு வாங்கியது.
கடையைப் பிரித்த அன்று
சால்டரிங் ஸ்டேஷன் எனக்கு, மீட்டர் அவளுக்கு,
கரண்ட் பில் பாக்கி யாருக்கு என்பதில்
பேச்சு நின்றுபோனது, பதினாலு மாதம்.
அதிகம் இழுத்தது நான்தான் என்று நானும்
தான்தான் என்று அவளும்.

'நாலு வால்வு அளக்கணும்.'
அவ்வளவுதான் அனுப்பினேன்.
மறுநாள் திருப்பத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள்,
துப்பட்டாவில் சுற்றிய மீட்டரை
வாழைச்சீப்பு மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
டீ வேண்டாம் என்றாள்.

முந்நூறு வோல்ட்.
திறந்த ஆம்புக்குள் கை விடுகிறவள்
மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.
ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினால்
வழியில் இருப்பது நெஞ்சு.
பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் மனப்பாடம் செய்தது.
அவள் வலக்கையில் மீட்டர் முனை.
நான் இடக்கைக்காரி, என்னிடம் பென்சில்.
மேசையில் இருவருக்கும் சேர்த்து
இரண்டே கை.

ஒவ்வொன்றும் சூடேறி நிலைக்கக் கால் மணி நேரம்.
முதலில் டெல்லியில் பிழைத்தது: முப்பத்தஞ்சு.
பிறகு டின்னில் வந்தவை.
"இருபத்தாறு." எழுதினேன்.
"நாப்பத்தொண்ணு. இது அடங்காப்பிடாரி."
எழுதினேன்.
"இருபத்தொம்பது, இறங்குது,
இன்னும் இறங்குது, விடு."
இடையிடையே பேச எவ்வளவோ இருந்தது.
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கடைசியாய், எந்த வீட்டுக் கூடத்தில்
எந்த நாட்டுச் செய்தி வாசித்ததோ,
எழுத்தெல்லாம் அழிந்த ஒன்று.
"முப்பத்திநாலரை"
என்றவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலில் லூர்து: "ஜாதகம் பொருந்திடுச்சா?"
"நட்சத்திரம் பாக்கல. மில்லி ஆம்பியர் பாத்தோம்."

அலையின் மேற்பாதி ஒன்றுக்கு, கீழ்ப்பாதி மற்றதுக்கு.
இழுப்பு சமமானால்
இரண்டின் உறுமலும் டிரான்ஸ்ஃபார்மருக்குள்
ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாகும்.
ஸ்பீக்கர் துணியில் காது வைத்தோம்,
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
தெருவில் யாரோ ஷட்டர் இறக்கினார்கள்.
உள்ளே ஒன்றுமில்லை.

மீட்டரை எடுத்துக்கொண்டுதான் போனாள்.
பஸ் படியில் ஒரு கால் வைத்தபடி
அந்த பில் எவ்வளவு என்று கேட்டாள்.
சொன்னேன்.
"இன்னும் ஜாஸ்தின்னு நெனச்சேன்."
பஸ் கிளம்பிவிட்டது.

ஞாயிறு ராத்திரி லூர்து போன் பண்ணினான்,
பின்னால் நாதஸ்வரம்:
"எரியிறதே தெரியலக்கா,
போட்டிருக்கேன்னு தெரியாம ரெண்டு தடவை அணைச்சிட்டேன்."

முட்டை அட்டையில் மூன்று மிச்சம்.
நாற்பத்தொன்றுக்கு இன்னொரு நாற்பத்தொன்று
எங்காவது கிடக்கும்.
பீர்முகமதிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
கிலோவாய்த்தான் தருவாராம்.