தள்ளுகிற நாலு

சூரமங்கலத்து ஷோரூமில்
இரண்டு கொட்டேஷன் தந்தார்கள்.
இரண்டிலும் பத்து டயர்தான்.
ஒன்றில் எட்டு தள்ளும்.
மற்றதில் நாலு தள்ளும், ஆறு கூடவே உருளும்.
"டபுள் ஹவுசிங்கே எடுத்துடலாம்" என்றார் அர்த்தனாரி,
பேரிலேயே பாதிப் பங்கு உள்ள மனிதர்.
மற்றப் பாதி நான்.
கால்குலேட்டரும் என்னிடம்தான் இருந்தது.

லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் போகும்.
இன்னொரு கிரவுன், இன்னொரு முறை ஆயில்,
மாதத் தவணையில் ஒன்பதாயிரம் ஏறும்.
நமக்கு ஓட்டம் எங்கே? தார் ரோட்டில்,
கருப்பூர் சூளையிலிருந்து ஜங்ஷன் கூட்ஷெட் வரை.
அதற்கு எட்டுக் கால் எதற்கு?
சிங்கிளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
காலியாக வரும்போது டம்மியைத் தூக்கிக்கொண்டால்
நாலு டயர் தேயாமல் ஷெட்டுக்கு வரும்.
அந்த நாலின் விலையை
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஐப்பசியில் சூளை மேனேஜர் கேட்டார்:
குழிக்குள் இறங்கிக் கல் ஏற்றுவீர்களா,
டன்னுக்கு நாற்பது ரூபாய் கூட.
கணக்கு ஒத்து வந்தது.
சேர்வராயன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்ததை
நான் கணக்கில் எடுக்கவில்லை.

செட்டிச்சாவடி வெள்ளைக்கல் குழி.
மழை பட்டால் அந்த மண் தயிர்.
பாதி மேட்டில் வண்டி நின்றது,
சக்கரம் நிற்கவில்லை.
தள்ளுகிற நாலும் இருந்த இடத்திலேயே
ஊர் ஊராய்ச் சுற்றின.
பின்னால் இருந்த நாலும்
பந்திக்கு வந்த சம்பந்தி மாதிரி
பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டு
ஒரு கை கொடுக்காமல் நின்றன.

நான் ஜல்லி தேடினேன்.
அர்த்தனாரி சாக்கு தேடினார்.
மாதையன் இறங்கவே இல்லை.
ஏற்றிய வண்டியில் தொடக் கூடாது என்று
ஷோரூமில் சொன்ன அந்த சுவிட்சைத் தட்டினான்.

காற்றுப்பை சீறியது.
டம்மி மேலே போனது.
அது தாங்கியதெல்லாம் இடம் மாறி
தள்ளுகிற நாலின் மேல் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்ததும் பிடி வந்தது.

சுமை குறைந்தால்தான் ஏறும் என்று
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.
டயர் மண்ணைக் கடித்தது, விட்டது,
மறுபடி கடித்தது.
ஒரு கஜம். அரைக் கஜம்.
மேலே வந்தபோது
சுண்ணாம்பு அடித்த வீடு போல இருந்தது வண்டி.

அப்போதுதான் கேட்டது,
பச்சை விறகு முறிகிற மாதிரி.
மெயின் பட்டை.
மாதையன் குனிந்து பார்த்துவிட்டு
"பட்டைக் கடை ஏழு மணி வரைக்கும் இருக்கும்" என்றான்.
அவ்வளவுதான்.

கல்லைச் சூளையில் கொட்டிவிட்டு
கொண்டலாம்பட்டிக்கு ஊர்ந்தோம்.
அர்த்தனாரி என் முகம் பார்க்காமல்
பில்லில் பாதியை எண்ணி வைத்தார்.
டபுள் ஹவுசிங் என்று ஒரு வார்த்தை
சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
சண்டை போட்டுத் தேறியிருப்பேன்.

திரும்பும்போது வண்டி காலி.
கண்ணாடியில் பார்த்தேன்:
வெள்ளைச் சேறு காய்ந்த நாலு டயர்
தரையைத் தொடாமல்
காற்றில் மெல்ல,
எதையும் தள்ளாமல் சுழன்றுகொண்டு வந்தன.

தேய்மானம் இல்லை.
அதையும் நோட்டில் எழுதினேன்,
பட்டைச் செலவுக்கு நேர் எதிரே.