மழைக்குக் கழிவு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
அறுபது டன் எடைமேடை. இரவு ஷிஃப்ட் எனக்கு.
லாரி ஏறும், சிவப்பு எண் துடிக்கும், நிற்கும்.
மொத்தத்தில் வெறும் வண்டியைக் கழித்தால் சரக்கு.
பதினோரு வருடமாகக் கழித்துத்தான் சாப்பிடுகிறேன்.

லாரி வராத நேரம்
கிண்டிக் குதிரைகள் வரும், நோட்டுக்குள்.
ஒன்றையும் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

கோரல் லேஸ் என்று ஒரு பெட்டைக்குதிரை.
ஆயிரத்து இருநூறு மீட்டர், நாலாவது இடம்.
ஜெயித்த குதிரை ஒரு நிமிடம் பதினைந்து நொடி.
இவள் மூன்று உடம்பு பின்னால்.
உடம்புக்கு ஆறில் ஒரு நொடி, ஆக அரை நொடி கூட்டு.
அந்த வகுப்புக்கு என் அளவு ஒன்று பதிமூன்று,
அதற்கு எண்பது மதிப்பெண்.
பத்தில் ஒரு நொடி பிந்தினால் ஒரு மதிப்பெண் போச்சு.
ஐம்பத்தைந்து.
எத்திராஜ் எட்டிப் பார்த்தான்:
"இன்னாண்ணே, ஐஸ் வண்டி இழுக்கிறதா இது?"

ஆனால் அன்று விடிய விடிய மழை.
சேற்றில் எல்லாக் குதிரைக்கும் கால் கனக்கும்.
அன்றைய ஆறு பந்தயத்தையும் அளவோடு வைத்துப் பார்த்தேன்.
ஐந்து, சொல்லி வைத்தாற்போல் இரண்டு நொடி சொச்சம் பிந்தல்.
ஆறாவது மட்டும் நாலு.
முன்னால் போக எந்த ஜாக்கிக்கும் மனசில்லாமல்
கல்யாண ஊர்வலமாய் நடந்து
கடைசி நானூறில் மட்டும் ஓடியிருக்கிறார்கள்.
அதைச் சேர்த்தால் இவளுக்கு மூன்று மதிப்பெண் கூடும்.
கூடும் என்பதாலேயே அடித்தேன்.

தரைக்கு இருபத்தொன்று கூட்டி எழுபத்தாறு.
முதுகில் அறுபது கிலோ, என் கணக்குக்கு நாலு அதிகம்,
கிலோவுக்கு ஒன்று.
எண்பது.
பென்சிலை வைத்துவிட்டு மேடையில் ஏறி நின்றேன்.
பத்துக் கிலோ படிகளில்தான் பேசும் அது.
அறுபது என்றது. எழுபது என்றது. மறுபடி அறுபது.

அடுத்த ஞாயிறு காய்ந்த தரை.
எனக்கு டூட்டி. எத்திராஜிடம் இருநூறு கொடுத்தனுப்பினேன்.
சாயங்காலம் போனில் போட்டோ வந்தது: மூன்றாவது.
திட்டாமல் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.
எண்பது. அச்சு அசல் எண்பது.
முன்னால் போனவை எண்பத்திரண்டு, எண்பத்துநாலு.
இவள் எவ்வளவு ஓடுவாள் என்று கேட்டேன், சொன்னது நோட்டு.
மற்றதுகள் எவ்வளவு ஓடும் என்று
நான் கேட்கவேயில்லை.

அன்றிரவு மறுபடி மழை.
சூளூர்பேட்டை வண்டி, பழைய பேப்பர் லோடு,
தார்ப்பாயில் ஆள் நுழையும் கிழிசல்.
"நாயுடுபேட்டைலேர்ந்து வானம் சார்,
தண்ணி வெயிட் கழிச்சுப் போடு, ஓவர்லோடுன்னு பிடிப்பான்,"
என்றார் சூரிபாபு.
ரசீதில் மூன்று கட்டம்தான்:
மொத்தம், வெறும் வண்டி, சரக்கு.
"எவ்வளவு தண்ணி?" என்றேன்.
அவர் லாரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
பின்பக்கம் ஒழுகி, மேடை விளிம்பைத் தாண்டி
சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.
24,310.
24,300.
பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடித்தது.
"கொஞ்சம் நிக்கட்டுமே சார்," என்றார்.
ரசீது பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.
24,290.