விளக்கை அணைத்துவிட்டு

மருத்துவர் கதவைச் சாத்தித் திரையை இழுத்தார்.
"பயப்படாதே, இருட்டுதான்" என்றார் மகளிடம்.
பயந்தது நாங்கள்.

கைக்குள் அடங்கும் ஒரு விளக்கு, ஊதா வெளிச்சம்.
முதலில் என் சட்டைப் பொத்தானின் நூல் ஒளிர்ந்தது.
பிறகு முனவ்வரின் பற்கள்,
பால்பல் விழுந்த சந்து தவிர.
பிறகு, யாரும் கேட்காமலே,
நாற்காலிக் கைப்பிடிமேல் இருந்த ஹோஷிமின் கைகள்
மணிக்கட்டுவரை நீலமாக எரிந்தன.

அவள் கன்னத்து வெளுப்பைக் காட்டத்தான்
மார்கிலானிலிருந்து தாஷ்கண்ட் வந்திருந்தோம்.
நகக்கண் அளவு. மே மாதம் கண்ணில் பட்டது.
அதற்கு முன்பே எத்தனை இரவு
தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்கி
கைபேசி வெளிச்சத்தில்
முழங்கால் மடிப்பு, காதுமடலின் பின்புறம், விரலிடுக்கு என்று
அடகுக்கடைக்காரன் நகை பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறேன்.
ஒருநாள் போர்வை ஏற்கெனவே விலகியிருந்தது.
ஓரத்தை மடித்துவிட்டிருந்த விதம் அவனுடையது.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

எங்கள் ஊரில் அதற்கு 'பேஸ்' என்று பெயர்.
நோய்க்கும் அதுதான், வசவுக்கும் அதுதான்.
சந்தையில் தக்காளி விலை படியாவிட்டால்கூட
வாயில் வந்துவிடும்.

பெண் பார்க்க வந்தபோது அவன் கையுறை போட்டிருந்தான்.
டிசம்பர். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
இரண்டாம் முறை அவனே கழற்றினான்,
"பார்த்துக்கொள், பிறகு சொல்."
பார்த்தேன். சொன்னேன்.
அக்கா மட்டும் கேட்டாள்: "பிள்ளைகளுக்கு?"

"இவளுக்கு அது இல்லை" என்றார் மருத்துவர்.
"வெயில் தேமல். களிம்பு தருகிறேன்."

என் வாயிலிருந்து புறப்பட்டுவிட்டது:
அப்பாடா, கடவுளே, தப்பித்தோம்.

இருட்டில் சொல்லிவிட்டேன்.
இருட்டில் அவன் கைகள் மட்டும் தெரிந்தன.
அவை மெல்ல நாற்காலியை விட்டு
கால்சட்டைப் பைக்குள் போய் அணைந்தன.

"பிற்பாடு வருமா?"
"வரலாம், வராமலும் போகலாம்.
நூறு பிள்ளைகளில் ஐந்தோ ஆறோ."
நூறு பிள்ளைகளில்.
எனக்கு இருப்பது ஒன்று.
வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஒன்றரை.

எனக்கு மட்டும் ஏன் அப்பா மாதிரி எரியவில்லை என்று
ரயில் நிலையம்வரை சிணுங்கிக்கொண்டே வந்தாள் முனவ்வர்.
ஹோஷிம் சிரிக்கவில்லை.
ஜூன் வெயிலில் கையை வெளியே எடுக்கவுமில்லை.
டிக்கெட்டை நான்தான் நீட்டினேன்.

காம்சிக் கணவாய்க்கு அடியில் சுரங்கம், பதினாறு நிமிடம்.
ஜன்னல் கண்ணாடியாகிவிடும்.
எதிரே பாப் போகிற ஓர் அம்மாள்
வெள்ளரிக்காய் நறுக்கி, உப்பைப் பொட்டலம் பிரித்து,
எங்கள் பக்கமும் நகர்த்தி வைத்தாள்.
ரொட்டி என் மடியில், துணிக்குள், இன்னும் சூடாக.

வீட்டு ஆண் பிய்த்துத் தருவது வழக்கம்.
வேற்றாள் இருந்தால் எங்கள் வீட்டில் நான் பிய்ப்பேன்.
எட்டு வருடமாக.
யாரும் முடிவுசெய்ததில்லை, அப்படி ஆகிவிட்டது.

மன்னிப்புக்கு வார்த்தை தேடினேன்.
கிடைத்தவை எல்லாம் அந்த அப்பாடாவைவிடச் சிறியவை.
ரொட்டியை அவன் முன்னால் வைத்தேன்.
என் கைகளை வயிற்றின்மேல் கட்டிக்கொண்டேன்.

என்னைப் பார்த்தான், ஜன்னலில் இருந்த என்னை.
சுரங்கத்தில் பாதியாவது போயிருக்கும்.
பிறகு பையிலிருந்து ஒரு கை வந்தது.
அப்புறம் மற்றது.
நான்காகப் பிய்த்தான்.

முனவ்வர் பெரிய துண்டைப் பறித்தாள்.
அந்த அம்மாளும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.
தின்றாளா, கைக்குட்டையில் சுற்றினாளா,
நான் பார்க்கவில்லை.

மேலோடு கொஞ்சம் கருகல், உள்ளே உப்புக் குறைவு.
வெளிச்சம் வருவதற்குள்
என் பங்கைத் தின்று முடித்துவிட்டேன்.